தண்டு வலித்த கைகளும் தஞ்சம் தந்த ஊர்களும்



இந்நாட்டுப் பாடசாலைகளில் படிக்கும் எமது பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் கிரேக்கரைப் பற்றிப் படிக்கிறார்கள். சலாமிஸ், பெரிக்கிளிஸ், ஏதென்ஸ் என்று அவர்கள் சொல்லும் பெயர்கள் பகல் வேலையும் இரவு வேலையுமாய் ஓடிக்கொண்டிருக்கும் எமக்குத் தூரத்துப் பெயர்களாகவே படுகின்றன. ஆனால் கிரேக்கர் தமிழுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். சங்க நூல்களில் வரும் 'யவனர்' என்ற சொல், கிரேக்கரில் ஒரு பிரிவினரான அயோனியரின் பெயரில் இருந்து வந்ததே. யவனரின் மரக்கலங்கள் மிளகு தேடித் தமிழகக் கரைக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு, ஏஜியன் கடலில் நடந்தவற்றையே இங்கு சொல்லப் போகிறோம்.

கடற்பலம் என்றதும் கப்பலும் தளபதியும்தான் நினைவுக்கு வரும். ஏதென்ஸ் நகரத்தின் கடற்பலத்தை உற்றுப் பார்த்தால் வேறு இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஒன்று, கூலிக்குத் தண்டு வலித்த சாதாரண மனிதரின் கைகள். மற்றது, அம்மனிதரின் பெண்டு பிள்ளைகளுக்கு ஆபத்து வேளையில் ஒதுங்க இடம் தந்த அயலூர்கள். இவ்விரண்டும் இருந்தபோது ஏதென்ஸ் எழுந்தது. தஞ்சம் தந்தவர்களையே அது பின்னர் என்ன செய்தது, அதன் முடிவு என்னவாயிற்று என்பதே எமக்குப் பாடம்.

பங்கா, கப்பலா?

ஏதென்ஸ் நகரத்துக்குத் தெற்கே லோரியன் என்ற பகுதியில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483 அளவில் அங்கே செழிப்பான புதிய வெள்ளிப் படிவம் அகப்பட்டது. அரசுக்குச் சேர்ந்த பணத்தைக் குடிமக்களுக்குத் தலைக்கு 10 திரக்மா வீதம் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது தெமிஸ்டோகிளிஸ் என்ற தலைவர் எழுந்து, பங்கு வேண்டாம், அப்பணத்தில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார்.

பாரசீகப் பேரரசைக் காட்டி அவர் மக்களைப் பயமுறுத்தவில்லை. அது எங்கோ தொலைவில் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடலில் தெரிந்த ஏஜினாத் தீவைத்தான் அவர் காட்டினார். ஏஜினா மக்கள் கடல் வாணிபத்தில் கைதேர்ந்தவர்கள். ஏதென்ஸோடு ஓயாத பகை. மக்கள் தெமிஸ்டோகிளிஸின் சொல்லை ஏற்றனர். கட்டப்பட்ட கப்பல்கள் 200 என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். 100 என்று சொல்லும் நூலும் உண்டு. எப்படியோ, சில ஆண்டுகளில் கிரேக்க நாட்டிலேயே ஆகக்கூடிய கப்பல்கள் ஏதென்ஸிடம் இருந்தன.

கைக்கு வரும் காசை வேண்டாம் என்று சொல்வது இலகுவல்ல என்பது சம்பள நாளை எண்ணிக் காத்திருக்கும் எமக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த வெள்ளியை மண்ணுக்கடியில் இருந்து வெட்டி எடுத்தவர்கள் அடிமைகள். பங்கு கொடுக்கும் பேச்சிலும் அவர்கள் இல்லை, கப்பல் கட்டும் பேச்சிலும் இல்லை.

மூன்று தட்டு, 170 தண்டு

அக்காலத்துப் போர்க்கப்பல் எப்படிப்பட்டது? நீளம் ஏறக்குறைய 37 மீற்றர். அகலமோ 5 மீற்றருக்குச் சற்றே கூட. அந்த ஒடுங்கிய உடலுக்குள் மூன்று தட்டுகளில் 170 பேர் இருந்து தண்டு வலித்தார்கள். மேல் தட்டில் 62 பேர், நடுத் தட்டில் 54, அடித் தட்டில் 54. ஓர் ஆளுக்கு ஒரு தண்டு. தண்டின் நீளம் 4 மீற்றருக்கு மேல். சுக்கான் பிடிப்பவர், பாய் வேலை செய்பவர், போர் வீரர் சிலர் எல்லோரையும் சேர்த்தால் ஒரு கப்பலில் 200 பேர். குழல் ஊதுபவர் ஒருவரும் இருந்தார். அவருடைய தாளத்துக்குத்தான் 170 தண்டுகளும் ஒன்றாய் எழுந்து ஒன்றாய் விழ வேண்டும்.

அடித் தட்டில் இருப்பவனுக்குக் கடலும் தெரியாது, எதிரியும் தெரியான். முன்னால் இருப்பவனின் முதுகும் தன் கையில் உள்ள தண்டும்தான் அவனுடைய உலகம். ஓடும் பட்டியின் வேகத்துக்குக் கை அசைத்து, சாமான் எங்கே போகிறது என்று தெரியாமலே எட்டு மணித்தியாலம் நிற்கும் எம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவன் தாளம் பிசகினால் பக்கத்தவனின் தண்டும் சிக்கிக்கொள்ளும்.

கப்பலின் அணியத்தில், நீர்மட்டத்தில், வெண்கலத்தால் செய்த ஒரு முட்டு இருந்தது. அதுதான் பிரதான ஆயுதம். வேகமாக வந்து எதிரிக் கப்பலின் விலாவில் இடித்துத் துளைத்துவிட்டு, உடனே பின்னோக்கி வலித்து விலக வேண்டும். ஆகவே பயிற்சியே எல்லாம். 1987இல் கிரேக்கக் கடற்படைக்காக இத்தகைய கப்பல் ஒன்றைப் பழைய முறைப்படி மீண்டும் கட்டி 'ஒலிம்பியாஸ்' என்று பெயரிட்டுக் கடலில் இறக்கினார்கள். தொழில்முறை மாலுமிகள் அல்லாத தொண்டர்கள் தண்டு வலித்தும், குறுகிய தூரத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 9 கடல்மைல் வேகம் கிடைத்தது.

இந்தக் கப்பலுக்கு ஒரு பெரிய பலவீனமும் இருந்தது. 200 பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும் கப்பலில் பல நாளைக்கு வேண்டிய சாப்பாடும் தண்ணீரும் ஏற்ற இடமில்லை, படுக்கவும் இடமில்லை. சாதாரணமாக ஒவ்வொரு நாளும் கரை தட்டி, சமைத்து, உண்டு, உறங்கித்தான் மறுநாள் புறப்பட வேண்டும். எனவே கடலை ஆள நினைப்பவனுக்குக் கப்பல் மட்டும் போதாது. கரை நெடுகிலும் நட்பான துறைமுகங்கள் வேண்டும். இந்த விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஊரைக் காலி செய்த நாள்

கி.மு. 480இல் பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸ் பெரும் படையோடு வந்தான். தெர்மோபிலே கணவாயில் காவல் நின்ற கிரேக்கர் வீழ்ந்ததும் ஏதென்ஸுக்கு வழி திறந்துவிட்டது. மரச்சுவர் உங்களைக் காக்கும் என்று டெல்பிக் கோவிலில் குறி சொல்லப்பட்டிருந்தது. மரச்சுவர் என்பது கப்பல்களே என்று தெமிஸ்டோகிளிஸ் விளக்கம் சொன்னார். ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைகளையும் வீட்டாரையும் இயன்ற வழியில் காப்பாற்றிக் கொள்ளும்படி ஊரில் பறையறைந்தார்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் குடாவுக்கு அப்பால் இருந்த துரோசென் என்ற சிற்றூருக்குப் போயின. மற்றவர்கள் சலாமிஸ் தீவுக்கும், பழைய பகையூரான ஏஜினாவுக்கும் போனார்கள். ஆம், எந்த ஏஜினாவைக் காட்டிக் கப்பல் கட்டினார்களோ அதே ஏஜினா இப்போது அவர்களின் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது.

துரோசென் மக்கள் செய்ததைப் புளூட்டார்க் என்ற ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். வந்த அகதிகளைப் பொதுப் பணத்தில் பராமரிப்பதென்று அவர்கள் சபை கூடித் தீர்மானித்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ஒபோல் கொடுத்தார்கள். ஆறு ஒபோல் சேர்ந்தால் ஒரு திரக்மா. அகதிப் பிள்ளைகள் எந்த மரத்திலும் பழம் பறித்து உண்ணலாம் என்று அனுமதித்தார்கள். அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு ஊரே சம்பளம் கொடுத்தது. உதவிப் பணம், சாப்பாடு, பள்ளிக்கூடம். 2500 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்றூர் இம்மூன்றையும் யோசித்திருக்கிறது!

1959இல் துரோசெனில் ஒரு கல்வெட்டு அறிஞர் கண்ணில் பட்டது. பெண்களையும் பிள்ளைகளையும் துரோசெனுக்கும், முதியோரையும் உடைமைகளையும் சலாமிஸுக்கும் அனுப்பும்படி தெமிஸ்டோகிளிஸ் கொண்டுவந்த தீர்மானம் அதில் இருக்கிறது. எழுத்து கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால், அது மூலத்தின் பிரதியா, பிற்காலத்தில் எழுதப்பட்டதா என்று அறிஞரிடையே வாதம் உண்டு.

எல்லோரையும் கூட்டிச் செல்ல முடியவில்லை. முதியோர் பலரை விட்டுவிட்டுப் போக நேர்ந்தது என்கிறார் புளூட்டார்க். வளர்த்த பிராணிகள் கரையெங்கும் ஓலமிட்டு ஓடினவாம். சாந்திப்பஸ் என்பவரின் நாய் எசமானின் கப்பலோடு கூடவே நீந்திச் சென்று, சலாமிஸ் கரையேறி அங்கேயே உயிர் விட்டதாம். அந்த நாய் புதைக்கப்பட்ட இடம் என்று ஓர் இடத்தைப் பிற்காலத்திலும் காட்டினார்கள். சாந்திப்பஸின் மகன்தான் பெரிக்கிளிஸ். அப்போது அவருக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கலாம்.

ஊரில்லாதவனின் வாக்கு

பாரசீகர் ஏதென்ஸில் புகுந்து கோவில்களை எரித்தார்கள். சலாமிஸில் கூடியிருந்த கிரேக்கத் தளபதிகள், இங்கே போரிடுவதா, தெற்கே பின்வாங்குவதா என்று வாதிட்டனர். தெமிஸ்டோகிளிஸ் பேச எழுந்தபோது, ஊரில்லாத மனிதனுக்கு இங்கே வாக்கில்லை என்று கொரிந்து நகரத் தளபதி அவமதித்தாராம். அதற்குத் தெமிஸ்டோகிளிஸ், ஆட்கள் நிறைந்த 200 கப்பல்கள் உள்ளவரை எமக்கு உங்களதை விடப் பெரிய ஊரும் நிலமும் உண்டு என்று பதில் சொன்னதாகவும், பின்வாங்கினால் எமது குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இத்தாலிக்கே போய்விடுவோம் என்று எச்சரித்ததாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஊர் என்பது மதிலா, மனிதரா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அவருடைய உபாயம் இதுதான். பாரசீகரிடம் கப்பல்கள் அதிகம். விரிந்த கடலில் அவர்கள் சுற்றி வளைத்துவிடுவார்கள். சலாமிஸ் நீரிணையோ ஒடுக்கமானது. அங்கே எண்ணிக்கை உதவாது, நெருக்கடிதான் உண்டாகும். அவர்களை உள்ளே வரவழைக்கத் தன் பிள்ளைகளின் பராமரிப்பாளனான சிக்கின்னஸ் என்ற அடிமையை இரவில் பாரசீகரிடம் அனுப்பினார். கிரேக்கர் பயந்து தப்பி ஓடப் போகிறார்கள் என்று அவன் சொன்னான். பாரசீகக் கப்பல்கள் வழியை அடைக்க இரவு முழுவதும் கடலில் நின்றன. அவர்களின் ஆட்கள் உறக்கமில்லாமல் தண்டு பிடித்துக் களைத்தார்கள். கிரேக்கர் கரையில் இருந்து விடியற்காலையில் ஏறினார்கள். இரவு வேலை முடித்தவனுக்கும் தூங்கி எழுந்து வந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அறிவோம்.

மலைச்சரிவில் இருக்கை போட்டு ஸெர்க்ஸஸ் பார்த்திருக்க, அவனுடைய கப்பல்கள் நீரிணையில் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. கிரேக்கர் பக்கம் நின்ற 370 அளவிலான கப்பல்களில் 180 ஏதென்ஸுடையவை. ஆனால் அன்றைய போரில் மிகச் சிறப்பாகப் போரிட்டவர்கள் என்ற பெயர் 30 கப்பல்களோடு நின்ற ஏஜினா மக்களுக்கே கிடைத்தது.

துன்பம் அத்தோடு தீரவில்லை. மறு ஆண்டு பாரசீகத் தளபதி திரும்பி வந்தபோது ஏதென்ஸ் மக்கள் இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்தார்கள். பிளாட்டியாவில் நடந்த தரைப்போருக்குப் பிறகுதான், தங்க வைத்திருந்த இடங்களில் இருந்து பெண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்து, இடிந்த ஊரைக் கட்டத் தொடங்கினார்கள்.

கூலியும் அதிகாரமும்

முன்னர் போர் என்றால், சொந்தக் காசில் கவசம் வாங்கக் கூடியவனுக்கே மதிப்பு. கப்பலில் தண்டு வலிக்கக் கவசம் வேண்டாம். நிலமில்லாதவனும் கூலிக்காரனும் இப்போது நகரத்தின் காவலனானான். அதனால் சபையில் அவன் குரலுக்கும் பலம் வந்தது. மக்களாட்சியை வெறுத்த பெயர் தெரியாத ஒருவர் அக்காலத்தில் எழுதிய சிறு நூலிலும், கப்பலை ஓட்டுபவர்கள் ஏழைகள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் பங்கு கிடைப்பது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்கிறார்.

செலவைக் கணக்குப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திரக்மா என்றால், 200 பேருக்கு 30 நாளில் 6000 திரக்மா. அதுதான் ஒரு தாலந்து. 100 கப்பல்கள் ஒரு மாதம் கடலில் நின்றால் 100 தாலந்து! இது ஒரு நகரம் தனித்துத் தாங்கும் சுமையல்ல.

இதற்கு வழி, பாரசீகருக்கு எதிராகக் கி.மு. 478-477இல் அமைத்த கூட்டணியில் கிடைத்தது. தீவுகளும் கரையோர ஊர்களும் கப்பல் தர வேண்டும், அல்லது பணம் தர வேண்டும். முதல் மதிப்பீடு ஆண்டுக்கு 460 தாலந்து. கப்பலில் போய் மாதக்கணக்கில் அலைவதை விடப் பணம் கட்டுவது வசதி என்று பல ஊர்கள் நினைத்தன. அப்பணத்தில் ஏதென்ஸ் தன் கப்பல்களைப் பெருக்கியது. பணம் கட்டிய ஊர்களுக்கோ கப்பலும் இல்லை, பயிற்சியும் இல்லை. விலக நினைத்த நக்ஸோஸ், தாசோஸ் தீவுகளை ஏதென்ஸ் கப்பல்கள் முற்றுகையிட்டு அடக்கின. டெலோஸ் தீவில் இருந்த பொதுப் பணம் கி.மு. 454 அளவில் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. நட்பு கப்பமாகிவிட்டது.

போர்மியோ பார்த்திருந்த காற்று

கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டா அணிக்கும் பெரும் போர் மூண்டது. தரையில் ஸ்பார்ட்டாவை வெல்ல முடியாது என்று பெரிக்கிளிஸ் அறிந்திருந்தார். நகரத்தில் இருந்து பிரேயஸ் துறைமுகம் வரை ஏறக்குறைய 6 கிலோமீற்றருக்கு நெடுமதில்கள் இருந்தன. நாட்டுப்புற மக்கள் மதிலுக்குள் வரட்டும், வயல்களை எதிரி எரித்தால் எரிக்கட்டும், கருங்கடல் பக்கத் தானியம் கப்பலில் வரும், எமது கப்பல்கள் எதிரியின் கரைகளைத் தாக்கும் என்பதே அவருடைய திட்டம்.

கடலில் ஏதென்ஸின் கைத்திறன் எவ்வளவு என்பதைக் கி.மு. 429இல் போர்மியோ என்ற தளபதி காட்டினார். அவரிடம் 20 கப்பல்கள், எதிரிக்கு 47. எதிரிகள் அணியத்தை வெளிப்பக்கம் நீட்டி வட்டமாக நின்றார்கள். போர்மியோ முட்டவில்லை. வரிசையாக அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து வட்டத்தை நெருக்கினார். விடியற்காலையில் குடாவில் இருந்து காற்று வீசும் என்பது அவருக்குத் தெரியும். காற்று வந்தது, கப்பல்கள் ஒன்றோடொன்று இடித்தன, கூச்சலில் கட்டளை கேட்கவில்லை. அப்போதுதான் தாக்கினார். 12 கப்பல்கள் பிடிபட்டன.

அவருடைய தளம் நௌபாக்டஸ் என்ற துறைமுகம். அங்கே குடியிருந்தவர்கள் யார்? ஸ்பார்ட்டாவின் அடிமைத்தனத்துக்கு எதிராக எழுந்து, சொந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட மெஸ்ஸீனியர். ஏதென்ஸ்தான் அந்த அகதிகளை அங்கே குடியமர்த்தியிருந்தது. சில நாட்களின் பின் 77 கப்பல்கள் வந்து போர்மியோவை நெருக்கி 9 கப்பல்களைக் கரையோடு மடக்கியபோது, அந்த மெஸ்ஸீனியர் கவசத்தோடு கடலில் இறங்கி ஏறிப் போராடிச் சில கப்பல்களை மீட்டார்கள். தஞ்சம் கொடுத்த கை வீண் போகவில்லை.

தஞ்சம் தந்தவர்களுக்குச் செய்தது

ஆனால் அதே ஏதென்ஸ் மறுபக்கத்தில் என்ன செய்தது? ஏஜினா ஏற்கனவே அடக்கப்பட்டு, மதில் இடிக்கப்பட்டு, கப்பல்கள் பறிக்கப்பட்டுக் கப்பம் கட்டி வந்தது. கி.மு. 431இல், போருக்கு இவர்களும் காரணம் என்று சொல்லி, ஆண் பெண் குழந்தை அத்தனை பேரையும் ஏதென்ஸ் தீவில் இருந்து துரத்தி, தன் ஆட்களைக் குடியேற்றியது. 49 ஆண்டுகளுக்கு முன் தன் குழந்தைகளை ஏற்றுக்கொண்ட தீவு அது!

துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்பார்ட்டா தைரியா என்ற இடத்தில் நிலம் கொடுத்தது. கி.மு. 424இல் ஏதென்ஸ் கப்பல்கள் அங்கும் போய் ஊரை எரித்தன. பிடிபட்ட ஏஜினா மக்களை ஏதென்ஸுக்குக் கொண்டு சென்று கொன்றார்கள். துரோசெனும் தப்பவில்லை. கி.மு. 430இல் 100 ஏதென்ஸ் கப்பல்களோடு புறப்பட்ட பெரிக்கிளிஸ், எதிரணியில் இருந்த துரோசெனின் நிலங்களையும் அழித்தார். அகதிப் பிள்ளைகள் பழம் பறித்து உண்ட நிலம் அது.

அதே ஆண்டு பிரேயஸ் துறைமுகத்தில் தொடங்கிய கொள்ளைநோய், மதிலுக்குள் குடிசைகளில் நெருங்கிக் கிடந்த மக்களை வாரிக்கொண்டு போயிற்று. மறு ஆண்டு பெரிக்கிளிஸும் இறந்தார்.

இரண்டாவது கப்பல்

கப்பலில் இருந்தவர்களுக்கு மனச்சாட்சி இருந்ததா? ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். கி.மு. 427இல், கிளர்ச்சி செய்து தோற்ற மிட்டிலீன் நகரத்தின் ஆண்கள் எல்லோரையும் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குவதென்று ஏதென்ஸ் சபை தீர்மானித்தது. கட்டளையோடு ஒரு கப்பல் புறப்பட்டது. மறுநாள் மக்கள் மனம் வருந்தி மீண்டும் கூடி, சிறு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானத்தை மாற்றினார்கள். முதற் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்டது.

இரண்டாவது கப்பலில் இருந்தவர்கள் கரை தட்டவில்லை. வைனிலும் எண்ணெயிலும் குழைத்த வாற்கோதுமை மாவைத் தண்டில் இருந்தபடியே உண்டார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முதற் கப்பலோ, பிடிக்காத காரியத்துக்குப் போகிறோம் என்று மெதுவாகவே போனது. கொலைக் கட்டளையை வாசித்து நிறைவேற்ற ஆயத்தமான வேளையில் இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. தலைவர்கள் பலர் கொல்லப்பட்டாலும் ஊர் பிழைத்தது. உத்தரவு போட்டவர்களை விட, அதைக் கொண்டு சென்ற கைகளுக்குத்தான் நியாயம் முதலில் விளங்கியிருந்தது என்று எமக்குத் தோன்றுகிறது.

கி.மு. 416இல் இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை. எந்தப் பக்கமும் சேர விரும்பாத மெலோஸ் தீவின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள்.

ஐந்தாம் நாள்

அதன் பிறகு ஏதென்ஸ் பெரும் படை திரட்டிச் சிசிலித் தீவுக்குப் போனது. சிராக்கியூஸ் துறைமுகத்தின் ஒடுக்கத்துக்குள் அகப்பட்டு, கி.மு. 413இல் கப்பல் அனைத்தையும் இழந்தது. சலாமிஸில் எதிரிக்கு எமனாக இருந்த ஒடுக்கம், இங்கே அதற்கே எமனாயிற்று.

ஸ்பார்ட்டாவுக்குப் பாரசீகப் பணம் கிடைத்தது. ஸ்பார்ட்டாத் தளபதி லைசாண்டர், பாரசீக இளவரசன் சைரஸிடம் தனக்கென்று எதுவும் கேட்காமல், ஒவ்வொரு மாலுமிக்கும் நாளுக்கு ஓர் ஒபோல் கூட்டித் தரும்படி கேட்டார். மூன்று நான்காயிற்று. கடற்பலம் யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கி.மு. 405இல் கருங்கடல் தானியம் வரும் நீரிணையில், எகோஸ்பொட்டாமி என்ற திறந்த கரையில் ஏதென்ஸின் 180 கப்பல்கள் நின்றன. அங்கே துறைமுகமும் இல்லை, சந்தையும் இல்லை. சாப்பாட்டுக்கு ஆட்கள் தூரம் போக வேண்டியிருந்தது. நான்கு நாள் அவர்கள் போருக்கு அழைத்தும் லைசாண்டர் வரவில்லை. ஐந்தாம் நாள், ஆட்கள் உணவு தேடிக் கலைந்த வேளையில் அவருடைய கப்பல்கள் பாய்ந்து வந்தன. ஒரு சில கப்பல்களே தப்பின. பிடிபட்ட ஏதென்ஸ் மக்கள் கொல்லப்பட்டார்கள்.

செய்தி இரவில் பிரேயஸுக்கு வந்தது. அழுகுரல் துறைமுகத்தில் இருந்து நெடுமதில் வழியே நகரத்துக்கு ஏறியது என்றும், அன்றிரவு எவரும் உறங்கவில்லை என்றும் செனபோன் எழுதுகிறார். இறந்தவர்களுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. மெலோஸுக்கும் ஏஜினாவுக்கும் தாம் செய்தது இனித் தமக்கும் வரும் என்று அழுதார்களாம்.

லைசாண்டர் வெளியூர்களில் கண்ட ஏதென்ஸ் மக்களை எல்லாம் ஏதென்ஸுக்கே திருப்பி அனுப்பினார். நகரத்தில் வாய்கள் கூடினால் பட்டினி சீக்கிரம் வரும் என்பது அவர் கணக்கு. கி.மு. 404இல் நகரம் சரணடைந்தது. 12 கப்பல்கள் மட்டுமே மிஞ்ச விடப்பட்டன. குழல் இசையோடு நெடுமதில்கள் இடிக்கப்பட்டன. எஞ்சியிருந்த ஏஜினா மக்களையும் மெலோஸ் மக்களையும் தேடிச் சேர்த்து, லைசாண்டர் அவரவர் தீவில் மீண்டும் குடியமர்த்தினார். 26 ஆண்டுகளுக்குப் பின் ஏஜினாவின் மிச்சம் வீடு திரும்பியது.

வாசகர்களே, ஏதென்ஸ் கட்டிய கோவில்களையும் அதன் அறிஞர்களையும் உலகம் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்நகரம் கடலில் வென்றதும் தோற்றதும் ஒரே காரணத்தால் என்பதே எமது எண்ணம். கரை தட்ட ஓர் ஊர், ஒதுங்க ஓர் ஊர், சேர்ந்து வலிக்க அயலவர் இருக்கும்வரை அது வென்றது. அந்த ஊர்களை ஒவ்வொன்றாய்ப் பகைத்தபின், 180 கப்பல்கள் இருந்தும் சோறு தின்னக் கரை இல்லாமல் தோற்றது.

நாமும் இப்போதுதான் கரை தட்டியிருக்கிறோம். முதல் குளிருக்குப் போர்வை தந்தவர், படிவம் நிரப்பித் தந்தவர், பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துவிட்டவர் என்று எம் ஒவ்வொருவருக்கும் ஒரு துரோசென் உண்டு. நாளை எமக்கும் வேலை நிரந்தரமாகும், வீடு வரும், குரலும் வரும். எமக்குப் பின்னால் வேறு நாடுகளில் இருந்து, வேறு மொழி பேசி, பெட்டியும் பிள்ளையுமாக ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அப்போது அவர்களின் பிள்ளைகள் எமது மரத்தில் பழம் பறிக்கலாமா, கூடாதா என்று தீர்மானிப்பவர்களாக நாம் இருப்போம்.